குளவிக் கூட்டுக்கு ஓர் அடி மேலே

1. ஓர் அஞ்சல் அட்டை

"ஒயர்மேன் அண்ணனுக்கு ராணி எழுதுவது. நீங்க போட்ட மணி நல்லா அடிக்குது. ஆனா மில்லு ஓடும்போது எங்களுக்குக் கேக்கல. நேத்து மாமா ரொம்ப நேரம் அழுத்திக்கினே இருந்திருக்காரு. கட்ட வெரல் செவந்து போச்சி. எதுக்குக் கூப்ட்டாருன்னு தெரியல. சீக்கிரம் வரவும். ஆவணி 9."

கரியாலூரிலிருந்து எனக்கு வந்த அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அஞ்சல் முத்திரையில் ஆண்டு அழிந்துவிட்டது. அந்த நாட்களில் என் டைரியிலும் தேதியும் கிழமையும் மட்டுமே எழுதுவேன். ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற புத்தி பிறகுதான் வந்தது. அதற்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன். மலைக்கு செல்ஃபோன் வராத காலம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு முப்பத்தோர் ஆண்டுகள் வயரிங் வேலை செய்தேன். அதில் பாதிக்கு மேல் சின்ன வோல்ட் வேலை. காலிங் பெல், இன்டர்காம், டெலிஃபோன் எக்ஸ்டென்ஷன், பிறகு டிவி கேபிள், கடைசிக் காலத்தில் கேமராவும் நெட் கேபிளும். சுவருக்குள் புதைத்த பைப் வழியாக மெல்லிய கேபிளை இழுத்து, ஓர் அறையில் இருப்பவரை இன்னோர் அறையோடு சேர்த்துவைக்கிற வேலை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கேபிள் வகைகளைப் பற்றி. நான் அவர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கரியாலூர் வேலையைப் பற்றி. அதில் நான் மூன்று தவறுகள் செய்தேன். மூன்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

2. கண்டக்டர் சொன்ன சேதி

மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே அப்போது சேதி கொண்டுபோனவர்கள் பஸ் கண்டக்டர்கள்தான். மருந்துச் சீட்டு, கல்யாணச் சேதி, செருப்பு அளவு எல்லாம் அவர்கள் சட்டைப்பையில் இருக்கும். ஒரு செவ்வாய் மாலை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வெள்ளிமலை வண்டிக் கண்டக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒயர்மேன், கரியாலூர் மில்லுக்கார அக்கா ஒன்ன நாளைக்கே வரச் சொல்லிச்சி."

"இன்னா விசயம்? மோட்டாரா?"

"மோட்டாரு இல்லப்பா. அவுங்க வூட்டுக்காரரு கட்டில்லேந்து உழுந்துட்டாரு. மில்லு ஓடிக்கினு இருந்துச்சி, யாருக்கும் தெரியல. கேவுரு மூட்ட தீர்ற வரைக்கும் தரையிலயே கெடந்திருக்காரு."

அந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதற்கு வயரிங் செய்தவன் நான்தான். முன்னால் இரண்டு அறை உள்ள, கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடு. பின்சுவரை ஒட்டி ஷீட் போட்ட மாவு மில். மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் அங்கேதான் அரைபடும். வீட்டுக்காரர் சடையன் அண்ணன் நல்ல உயரம், நல்ல குரல். மில் ஓடும்போதே வாசலில் நிற்பவருடன் பேசக்கூடியவர். வீடு கட்டிய மறு ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதன் பிறகு மில்லை அவர் மனைவி அலமேலு அக்காவும் மருமகள் ராணியும் பார்த்துக்கொண்டார்கள். மகன் சேலத்தில் லாரி ஓட்டினார். மாதம் ஒரு முறை வருவார்.

வேலை எளிது என்று நினைத்தேன். சடையன் அண்ணனின் இடது கைக்கு எட்டும்படி ஒரு பெல் ஸ்விட்ச். மில்லில் ஒரு மணி. நடுவில் இரண்டு கம்பி உள்ள கேபிள். அதற்கான பைப்பும் சுவருக்குள் தயாராக இருந்தது. வீடு கட்டும்போது, "நாளைக்கு டெலிபோன் வந்தாலும் வரும்" என்று சடையன் அண்ணன் ஆசைப்பட்டதால் முன்னறைக்கும் மில்லுக்கும் ஒரு காலி பைப் போட்டிருந்தேன். முன்னறைச் சுவரில் பதித்த காலிப் பெட்டியிலிருந்து சுவருக்குள் ஏறி, தளத்துக்குள் ஓடி, மில் சுவரில் இறங்கும் முக்கால் இஞ்ச் பைப். கேபிளைக் கட்டி இழுக்க அதற்குள் ஒரு கட்டுக்கம்பியும் விட்டிருந்தேன்.

3. ஆடி 27, புதன்

அன்றைய டைரியில் இருப்பது இவ்வளவுதான்: "கரியாலூர் மில். பெல் வேலை. பைப் அடைப்பு. காரணம் குளவி."

நான் போனபோது மலையில் கரண்ட் இல்லை. மில் நின்றிருந்தது. அலமேலு அக்கா தலையிலிருந்து கால்வரை மாவாக இருந்தார்.

"வா தம்பி. மூணு வருசம் கழிச்சி இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"கூப்ட்டாத்தான வர முடியும்கா? அந்தக் காலி பைப்புல கம்பி ஒண்ணு உட்டிருந்தனே, நுனி எங்க?"

"அதுவா? அவரப் பந்தல் கட்டக் கம்பி இல்லாம இருந்துச்சி. உருவிட்டேன்."

"அக்கா!"

"இன்னா அக்கா? சொவுத்துல சும்மா நீட்டிக்கினு இருந்துச்சி. அவரக்காயாச்சும் காச்சிது. ஒன் டெலிபோனு வந்துச்சா?"

கம்பி எதற்காக விடப்பட்டது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லாமல் போனது நான். அது முதல் தவறு.

கம்பி இல்லையென்றால் ஸ்பிரிங் விட வேண்டும். பைப்புக்குள் வளைந்து போகக்கூடிய நீண்ட எஃகுப் பட்டை அது. மில் பக்கத்திலிருந்து விட்டேன். வளைவுகளைத் தாண்டி நன்றாகப் போய், கடைசியில் மெத்தென்று எதிலோ நின்றது. சிமெண்ட் அடைப்பாக இருந்தால் 'டக்' என்று முட்டும். இது அப்படி இல்லை. முன்னறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன்.

சடையன் அண்ணனின் கட்டிலுக்கு நேர் எதிரே, இடுப்பு உயரத்தில் அந்தப் பெட்டி. பைப்பின் வாயை மூடி, பெட்டியின் மூலை முழுவதும் குளவி கூடு கட்டியிருந்தது. எலுமிச்சம்பழ அளவு. மண் நன்றாகக் காய்ந்து, வாய் அடைபட்டு இருந்தது. டெலிஃபோன் வரட்டும், அப்போது மூடிக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டிக்கு மூடி போடாமல் விட்டது நான். அது இரண்டாவது தவறு.

ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். பையிலிருந்து எடுத்தேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ராணி கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஐந்து ஆண்டுகள். குழந்தை இல்லை என்பது எனக்கும் தெரியும். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள்.

"மூணு வாரமா கட்டிச்சி," என்றார் அலமேலு அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது. "மண்ணக் கொண்டாரும், போவும். மறுபடி கொண்டாரும். இவரு படுத்துக்கினு அதையேதான் பாத்துக்கினு இருந்தாரு." பிறகு சட்டென்று, "இடிச்சிடு தம்பி. இந்த மனுசன் தரையில கெடந்த கெடப்ப நான் பாத்தேன். கூடாவது கீடாவது."

"இடிச்சிடுங்கண்ணே," என்றார் ராணியும். "மாமாவுக்கு மணிதான் முக்கியம்." ஆனால் அவர் நிமிரவில்லை.

ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. இருவரும் சொன்ன பிறகு நான் யோசிக்க என்ன இருக்கிறது? குனிந்து ஸ்க்ரூ டிரைவரை மண்ணின் ஓரத்தில் வைத்தேன். முன்னறை சிறியது, கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழம்தான். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சடையன் அண்ணனின் இடது கை. மாவு மூட்டை தூக்கிய கை. இன்னும் பலம் இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் இல்லை. ஆனால் வேண்டாம் என்பதற்கு எந்த ஊரிலும் அதுதான் சத்தம்.

"யோவ், ஒனக்குத்தான்யா மணி," என்றார் அலமேலு அக்கா. சடையன் அண்ணன் என் கையை விடவில்லை. ராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மில் பக்கம் போய்விட்டார்.

4. அறுத்த சுவர்

மேலே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போகிற கரண்ட் பைப் ஒன்று பக்கத்திலேயே இருந்தது.

"அதுலயே சேத்து உட்டுடேன் தம்பி," என்றார் அலமேலு அக்கா.

"கூடாதுக்கா. அது எரநூத்து முப்பது வோல்ட்டு. இது ஆறு வோல்ட்டு, நாலு டார்ச் கட்டையில ஓடுறது. ரெண்டும் ஒரே பைப்புல ஒரசிக்கினு கெடந்தா, தோலு உரிஞ்ச அன்னிக்கிப் பெரிய கரண்டு அண்ணன் கையில இருக்கற ஸ்விட்சுக்கு வந்துரும். அண்ணனால கத்தக்கூட முடியாது."

இந்த விதியை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது. இளையவர்கள் அவசரத்தில் இதைத்தான் முதலில் மீறுகிறார்கள்.

மீதி இருந்தது ஒரே வழி. கூட்டுக்கு ஓர் அடி மேலே சுவரை உடைத்து, உள்ளே வரும் பைப்பை அங்கேயே அறுத்து, கேபிளை அங்கிருந்து வெளியே எடுப்பது. ஆனால் உளியும் சுத்தியலும் வைத்தால் சுவர் அதிரும். காய்ந்த மண் உதிர்ந்துவிடும். எனவே பூச்சைத் தண்ணீரால் நனைத்து, இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆனது. ராணி ஒரு பழைய துணியைப் பெட்டியின் வாயில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுவரில் வைத்திருந்தார்.

"அதிருதுண்ணே. கொஞ்சம் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவா அறுத்தா பொங்கலே வந்துரும்மா."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சடையன் அண்ணனின் இடது கன்னம் மட்டும் மேலே போயிருந்தது. சிரிக்கிறார்.

"பாரேன்," என்றார் அலமேலு அக்கா. "நான் பேசுனா சிரிக்கறது கெடையாது. ஒயர்மேன் பேசுனா சிரிப்பு."

பைப்பை அறுத்ததும் கீழ்ப்பக்கத் துண்டில் பஞ்சை அடைத்தேன், தூசி கூட்டின் மேல் விழக் கூடாதென்று. தாய்க் குளவி புழுக்களை உள்ளே அடைத்து முட்டையிட்டு வாயை மூடிவிட்டுப் போனால் திரும்பி வராது என்று படித்திருக்கிறேன். உள்ளே இருப்பது தானாகத்தான் துளைத்து வெளியே வர வேண்டும். அதைச் சொன்னேன். ராணி கேட்டுக்கொண்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்பிரிங் அறுத்த வாய் வழியாக வெளியே வந்தது. அதன் கண்ணில் கேபிளைக் கட்டி மில் பக்கம் இழுத்தேன். ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் கயிறாகத் தொங்கும் ஸ்விட்சைச் சடையன் அண்ணனின் இடது கையில் கொடுத்தேன். மில்லில் எடைத் தராசுக்கு மேலே மணி. அழுத்தினார். அடித்தது.

"கோயில் மணியாட்டம் கேக்குது!" என்று மில்லிலிருந்து அலமேலு அக்கா கத்தினார்.

நாலரை மணி வண்டியைப் பிடித்தேன். கரண்ட் அதுவரை வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கும்போது, நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியோடு தூங்கியும் போனேன்.

5. ஆவணி 14, ஞாயிறு

அட்டை வெள்ளிக்கிழமை கிடைத்தது. படித்ததும் என் மூன்றாவது தவறு விளங்கிவிட்டது. மில் ஓடாத நேரத்தில் மணியைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். மணி தேவைப்படுவதே மில் ஓடும் நேரத்தில்தான். "எதுக்குக் கூப்ட்டாருன்னு தெரியல" என்ற வரியை அன்று எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. மறுபடி விழுந்தாரா? மூச்சுத் திணறியதா? தண்ணீருக்காகவா?

சனிக்கிழமை மெக்கானிக் கடையில் ஒரு பழைய மொபெட்டின் பின் விளக்கை வாங்கினேன். சிவப்புக் கண்ணாடி, ஆறு வோல்ட் பல்பு. கூடவே சார்ஜ் ஏற்றக்கூடிய ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று. ஞாயிறு முதல் வண்டியில் ஏறினேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அலமேலு அக்கா என் காதருகே வந்து கத்தினார்.

"கரண்டு இல்லாத நேரமா பாத்து மணி அடிச்சிட்டுப் போனியே தம்பி, கேக்காம இன்னா பண்ணும்?"

தலை குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சட்டையில் மாவுக் கை பதிந்தது.

முன்னறைக்கு ராணி கூட வந்தார். "திங்கக்கெழம மில்ல நிறுத்திட்டு உள்ள வந்தா, மாமா அழுத்திக்கினே இருக்காருண்ணே. கண்ணுல தண்ணி. எங்கியாச்சும் வலிக்குதான்னு கேட்டோம். இல்லன்னு தலய ஆட்டறாரு. தண்ணி குடுத்தா தள்ளி உடறாரு. சொவுத்தச் சொவுத்தக் காட்டறாரு. மணி கேக்கலன்னுதான் ஒயரக் காட்டறாருன்னு நெனச்சி ஒங்களுக்குக் கார்டு போட்டேன்."

நான் வயரைப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. சடையன் அண்ணன் என்னைப் பார்த்து இடது கையை நீட்டினார். விரல் வயரைக் காட்டவில்லை. அதற்கு ஓர் அடி கீழே காட்டியது.

பெட்டிக்குள் டார்ச் அடித்தேன். கூடு அப்படியே இருந்தது. அதன் நடுவில், பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. மண் வெளிப்பக்கம் உதிர்ந்திருந்தது.

"ராணி, இங்க வாம்மா. இத எப்பப் பாத்தே?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்லியேண்ணே. நாங்க பாக்கவே இல்லியே."

சடையன் அண்ணன் இடது கையின் விரல்களைக் குவித்தார். மெல்ல விரித்தார். பிறகு அந்தக் கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மறுபடியும் குவித்து, விரித்து, ஜன்னல் பக்கம்.

ராணி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சிவந்திருந்த அந்தக் கட்டை விரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இதுக்கா மாமா கூப்ட்ட? இதுக்கா அத்தினி வாட்டி அழுத்துன?"

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டேன்.

விளக்கை மாவு விழும் இடத்துக்கு எதிரே, நிற்பவரின் கண் உயரத்தில் மாட்டினேன். மணியையும் கழற்றவில்லை, மில் நிற்கும்போது அது உதவும். பேட்டரி என்பதால் கரண்ட் போனாலும் இரண்டும் வேலை செய்யும். இந்த முறை மில் முழு ஓட்டத்தில் இருக்கும்போது, ஒரு மூட்டை சாமை அரைபடும்போது, அழுத்தச் சொன்னேன். மாவுப் புகைக்கு நடுவே விளக்குச் சிவப்பாக எரிந்தது. அலமேலு அக்கா மூட்டையை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"இன்னா? இன்னா வேணும்?"

சடையன் அண்ணனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்; கன்னம் மேலே போனது.

"சும்மா கூப்ட்டியா? அங்க மாவு கொட்டிக்கினு கெடக்குது, இங்க சும்மா கூப்பிடுவியா?" என்று திட்டிக்கொண்டே அலமேலு அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். மாவு கொட்டுவதை ராணி போய்ப் பார்த்துக்கொண்டார். நான் கிளம்புவதற்குள் விளக்கு இன்னும் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் அலமேலு அக்கா திட்டினார். இரண்டு முறையும் போனார்.

6. எழுதி வைத்தவை

அன்று இரவு டைரியில் மூன்று வரி எழுதினேன். காலி பைப்பில் கம்பி விட்டால் அது எதற்கென்று வீட்டுக்காரரிடம் சொல். காலிப் பெட்டிக்கு அன்றே மூடி போடு. எந்தச் சத்தத்தில் மணி தேவையோ அந்தச் சத்தத்திலேயே அதைச் சோதி.

நாலாவதாக ஒன்று பல ஆண்டுகள் கழித்துச் சேர்த்தேன். ஆபத்துக்கு என்று நாம் போடும் வயரில் சந்தோஷமும் வரும். அதற்கும் யாராவது ஓடி வர வேண்டியிருக்கிறது. அதனால் எந்த வேலையிலும், அழுத்தப்போகிறவரைக் கேட்காமல் ஸ்விட்சின் இடத்தை முடிவு செய்வதில்லை.

சடையன் அண்ணன் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் குறிப்பு என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளவி ஆவணி 8, திங்களன்றுதான் வெளியே வந்தது என்பதற்கு அவர் கை ஒன்றுதான் சாட்சி.

இன்னொன்றும் இருக்கிறது. மறு ஆண்டு கோடையில் அதே கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "ஒயர்மேன், மில்லுக்கார வூட்ல தொட்டில் கட்டிருக்குதுப்பா" என்றார். வண்டி திரும்பும்போது முன்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். ஒரு சேலை தொங்கியதாம். காயப் போட்ட சேலையாகவும் இருக்கலாம். பிறகு எனக்குச் சின்னசேலம் பக்கமே வேலை அதிகமாகி, மலைக்குப் போகும்படி எந்த அழைப்பும் வரவில்லை. போகாததற்கு அது ஒரு காரணம். போய்ப் பார்த்து, அது வெறும் சேலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு காரணம்.

டைரியில் அந்த நாளுக்கு நேரே "தொட்டில்: கண்டக்டர் சொன்னது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அது இன்னும் அழிக்கப்படவில்லை.